ஹோம் ஹெல்த் ஏஜென்சி: லைசென்ஸ், மெடிகேர் பதிவு, கிரெடென்ஷியலிங் – எது முதலில், எது பிறகு?

#1 கரிசல்காடு

வணக்கம். டெக்சஸில் டாலஸ் பக்கம் இரண்டு ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) சேர்ந்து ஹோம் ஹெல்த் ஏஜென்சி, அதாவது நோயாளியின் வீட்டுக்கே போய் நர்சிங், தெரபி தரும் நிறுவனம், தொடங்க யோசனை. எல்.எல்.சி. பதிவாகிவிட்டது, ஐ.ஆர்.எஸ். வரி எண்ணும் வந்துவிட்டது. இதற்கு மேல் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். ஒருவர் முதலில் மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) படிவம் என்கிறார், இன்னொருவர் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிகளில் சேருங்கள், அதாவது கிரெடென்ஷியலிங் முடியுங்கள் என்கிறார். ஒரு கன்சல்டன்ட் நான்கே மாதத்தில் மெடிகேர் எண் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் சரியான வரிசையையும், எந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பொதிகைத்தென்றல்

நான்கு மாதத்தை நம்பாதீங்க. எல்லாம் ஒழுங்காகப் போனாலே ஒன்பது, பத்து மாதம் ஆகும். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் சாதாரணம். காரணம், இதில் ஐந்து தனித்தனி அலுவலகங்கள் இருக்கு. ஒருத்தர் முடித்துக் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் அடுத்தவர் வேலையைத் தொடங்குவார்.

உங்களுக்கு வரிசை இது. முதலில் டெக்சஸ் எச்.எச்.எஸ்.சி.யிடம் (மாநிலச் சுகாதாரத் துறை) மாநில லைசென்ஸ். டூலிப் என்கிற இணையதளம் வழியாக விண்ணப்பிக்கணும். அங்கே வகை தேர்ந்தெடுக்கும்போது கவனம்: மெடிகேர் வேணும்னா 'லைசென்ஸ்டு அண்ட் சர்டிஃபைடு ஹோம் ஹெல்த்' வகை. வெறும் 'லைசென்ஸ்டு ஹோம் ஹெல்த்' வகையில் போட்டுவிட்டு பிறகு மாற்றுவது வீண் அலைச்சல். அட்மினிஸ்ட்ரேட்டராகவும் மாற்று அட்மினிஸ்ட்ரேட்டராகவும் யாரைப் போடுறீங்களோ, அவங்க பொறுப்பேற்பதற்கு முன் 8 மணி நேரப் பயிற்சி முடித்திருக்கணும், முதல் 12 மாதத்துக்குள் இன்னும் 16 மணி நேரம். சான்றிதழ் தேதி பொறுப்பேற்ற தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அதுவே குறையாக எழுதப்படும்.

இரண்டாவது, என்.பி.ஐ. எண், அதாவது சிகிச்சை தருபவருக்கான தேசிய அடையாள எண். நீங்கள் இருவரும் ஆர்.என். என்ற முறையில் வாங்கியிருக்கக்கூடியது தனிநபருக்கான டைப் 1. ஏஜென்சிக்கு வேண்டியது டைப் 2. டாக்ஸானமி (சேவை வகை) கோடு 251E00000X, அதாவது ஹோம் ஹெல்த். நர்சிங் கேர் ஏஜென்சிக்கான 251J கோடு தனி. இரண்டையும் குழப்பினால் பின்னாடி மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கு மாநிலம் நடத்தும் காப்பீடு) பதிவில் இடிக்கும். என்.பி.ஐ.க்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது அவர்கள் கூலி.

மூன்றாவதுதான் மெடிகேரில் சேருவதற்கான சி.எம்.எஸ்.-855ஏ படிவம் (சி.எம்.எஸ். என்பது மெடிகேரை நடத்தும் மத்திய அரசு அமைப்பு). காகிதத்திலும் அனுப்பலாம், ஆனால் பெக்காஸ் என்ற மெடிகேர் பதிவுத் தளம் வழியாக அனுப்புவதே நல்லது. எந்தப் பகுதி விட்டுப்போச்சுன்னு அதுவே கேட்கும். டெக்சஸ் ஹோம் ஹெல்த் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒப்பந்த நிறுவனம் பால்மெட்டோ ஜி.பி.ஏ. கட்டணம் ஒவ்வொரு காலண்டர் வருடமும் மாறும், 2025-இல் 730 டாலராக இருந்தது. கூடவே பணம் வங்கியில் நேரடியாக விழ சி.எம்.எஸ்.-588 படிவம். அதோடு கேன்சல் செய்த செக்கோ வங்கிக் கடிதமோ வேணும்.

இங்கேதான் முதற்கோணல் முற்றும் கோணல் ஆகிறது. வரி எண் ஒதுக்கி ஐ.ஆர்.எஸ். அனுப்பிய சி.பி. 575 கடிதத்தில் உங்கள் நிறுவனப் பெயர் எப்படி அச்சாகி இருக்கோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே மாநில லைசென்ஸ், என்.பி.ஐ., 855ஏ, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் பாலிசி எல்லாவற்றிலும் இருக்கணும். ஒரு கமா கூடுதலா இருக்கிறது, 'ஹோம்ஹெல்த்' ஓரிடத்தில் ஒட்டியும் ஓரிடத்தில் பிரித்தும் இருக்கிறது, 'எல்.எல்.சி.' விட்டுப்போனது – இப்படிச் சின்னச் சின்ன விஷயத்துக்கே விண்ணப்பம் நிற்கும். சி.பி. 575 தொலைந்துவிட்டால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஃபோன் செய்து 147சி கடிதம் கேட்டு வாங்குங்க. முகவரியும் அப்படித்தான். 'சூட்' எண் தபால்துறைப் பதிவில் எப்படி இருக்கோ அப்படியே எழுதணும். போஸ்ட் பாக்ஸ் எடுபடாது.

நான்காவது சர்வே (நேரில் வந்து பார்க்கும் ஆய்வு), ஐந்தாவது சி.சி.என். எண் (மெடிகேர் சான்று எண்). சர்வே பற்றி நண்பர் நாலடியார் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

#3 பொதிகைத்தென்றல்

விட்டுப்போனது ஒன்று. 855ஏ-யில் பகுதி 5-உம் 6-உம் உரிமையாளர், நிர்வாகிகள் பட்டியல். 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள ஒவ்வொருவரும், நேரடியாக இல்லாமல் இன்னொரு கம்பெனி வழியாக வைத்திருந்தாலும் வரணும். பங்குகளைக் கூட்டினால் 100 வரணும். அட்மினிஸ்ட்ரேட்டர் போன்ற நிர்வாக ஊழியர்கள் பங்கே இல்லாவிட்டாலும் வரணும். பகுதி 3-இல் பழைய தண்டனை, லைசென்ஸ் நடவடிக்கை, இடைநீக்கம் எதையும் மறைக்காதீங்க. பத்து வருடத்துக்கு முந்தைய நர்சிங் போர்டு நடவடிக்கை ஒன்றை எழுதியதால் மட்டும் விண்ணப்பம் விழுந்துவிடாது. மறைத்தது தெரிந்தால் கட்டாயம் விழும். திரும்ப விண்ணப்பிக்கவே சில வருடத் தடையும் வரும்.

புது ஹோம் ஹெல்த் ஏஜென்சிகள் மெடிகேர் கணக்கில் 'ஹை ரிஸ்க்' பிரிவு. அதனால் 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களுக்குக் கைரேகைச் சோதனை உண்டு. கடிதம் வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். கடிதம் பெரும்பாலும் தொடர்பு முகவரிக்குப் போகும். அங்கே கன்சல்டன்ட் முகவரி கொடுத்திருந்தால், அவர் ஊரில் இல்லாத வாரத்தில் கெடு ஓடிவிடும். தொடர்பாளராக உங்களில் ஒருவரையும் சேர்த்துவிடுங்க.

#4 சுங்குடி

ஒரு சந்தேகங்க. வங்கியில் முன்கூட்டியே பணம் காட்டணும்னு சொல்றாங்களே, அது எவ்வளவு? ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தைக் காட்டலாமா?

#5 பொதிகைத்தென்றல்

எல்லோருக்கும் ஒரே தொகை என்று கிடையாதுங்க. சட்டப்படி மெடிகேர் பில் போடும் உரிமை கிடைத்த பிறகு முதல் மூன்று மாதம் ஏஜென்சியை ஓட்டத் தேவையான பணம் கையில் இருக்கணும். எவ்வளவு என்பதை ஒப்பந்த நிறுவனமே, உங்களைப் போன்ற ஏஜென்சிகளின் செலவுக் கணக்கையும் நீங்கள் எதிர்பார்க்கும் விசிட் எண்ணிக்கையையும் வைத்து முடிவு செய்யும். முதல் வருடம் இத்தனை ஆயிரம் விசிட் என்று ஆசையில் பெருக்கி எழுதினால் காட்ட வேண்டிய தொகையும் பெருகும். நிதானமாக எழுதுங்க.

அந்தத் தொகையில் குறைந்தது பாதி கடனில்லாத பணமாக இருக்கணும். அப்பா அனுப்புவது கடன் என்றால் மறுபாதிக்குள் அடக்கணும். பங்குக்காக என்றால் 5 சதவீதத்தைத் தொட்டதும் அவர் பெயர் படிவத்தில் ஏறும், கைரேகையும் கேட்பார்கள். அவர் கோயமுத்தூரில் இருந்தாலும் அதே விதிதான், எஃப்.டி.-258 அட்டையில் பதித்து அனுப்பும் வழி இருக்கு. எதுவானாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்க. வங்கி ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று பெரிய தொகை வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பது உறுதி.

இன்னொன்று. பணத்தை ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுறாங்க. விண்ணப்பத்தின்போது பார்ப்பாங்க, சர்வேக்குப் பரிந்துரைக்கும் முன் பார்ப்பாங்க, பில் உரிமை கொடுக்கும் முன்னும் பார்ப்பாங்க. அதற்குப் பிறகு மூன்று மாதம் வரையிலும் கேட்கும் அதிகாரம் இருக்கு. இடையில் சம்பளத்துக்கும் வாடகைக்கும் அதிலிருந்தே எடுத்தால் கடைசிச் சோதனையில் குறையும், அத்தனை மாத உழைப்பும் மறுப்புக் கடிதத்தில் முடியும். ஆகவே இரண்டு கணக்கு வையுங்க: காட்டும் பணம் ஒன்றில், நடைமுறைச் செலவு இன்னொன்றில். இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

#6 நாலடியார்

சர்வே பற்றி எழுதுகிறேன்.

மாநில அரசே சர்வே செய்ய வரும் என்று காத்திருக்காதீர்கள். புதிய ஏஜென்சிகளின் முதல் சர்வே மாநில அலுவலகங்களின் வேலைப் பட்டியலில் கடைசிப் படியில் இருக்கிறது. எனவே நடைமுறையில் எல்லோரும் அங்கீகார அமைப்பு வழியாகப் போகிறார்கள். ஹோம் ஹெல்த்துக்கு மெடிகேர் ஏற்கும் அமைப்புகள் மூன்று: ஏ.சி.எச்.சி., சாப், ஜாயின்ட் கமிஷன். கட்டணமும் கையேடுகளின் அமைப்பும் மாறும். அடிப்படை விதி மூன்றுக்கும் ஒன்றே: 42 சி.எஃப்.ஆர். (மத்திய அரசு விதித் தொகுப்பு) பகுதி 484. அந்தப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கையேடு வாங்குங்கள். ஆயத்தக் கொள்கைக் கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அலமாரியில் வைப்பவர்கள், சர்வேயர் ஊழியரிடம் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டுகிறார்கள்.

சர்வேக்கு முன் நோயாளிகள் வேண்டும். குறைந்தது 10 பேருக்குத் திறன்சார் சேவை கொடுத்திருக்க வேண்டும், அவர்களில் 7 பேராவது சர்வே நேரத்தில் சேவையில் இருக்க வேண்டும். மருத்துவ வசதி குறைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமானால் 5 பேர், அதில் 2 பேர் நடப்பில். அவர்கள் மெடிகேர் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டாக்டர் உத்தரவு, உண்மையான தேவை, திறன்சார் சேவை மூன்றும் இருந்தாக வேண்டும். இரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக் குறித்துவிட்டு வந்தால் அது திறன்சார் சேவை ஆகாது. புண் பராமரிப்பு, புதிதாக இன்சுலின் தொடங்கியவருக்குக் கற்பித்தல், கதீட்டர் மாற்றுதல், மருந்து மாற்றத்துக்குப் பின் கண்காணிப்பு போன்றவை சரி.

நர்சிங்கோடு வேறொரு சேவையாவது இருக்க வேண்டும்: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, மருத்துவ சமூகப்பணி, ஹோம் ஹெல்த் எய்ட் (அன்றாடப் பராமரிப்பு உதவியாளர்) இவற்றில் ஒன்று. நர்சிங் உட்பட இவற்றில் ஏதேனும் ஒரு சேவையை முழுக்க முழுக்க உங்கள் சொந்த ஊழியர்களே தர வேண்டும். பெரும்பாலோர் நர்சிங்கைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு தெரபியை ஒப்பந்தத்தில் கொடுக்கிறார்கள். அதனால் ஒரு வாரம் ஆள் பற்றாக்குறை என்று ஒப்பந்த நர்ஸ் ஒருவரைப் போட்டாலும் விதி உடைந்துவிடும்.

ஒயாசிஸ் (நோயாளி மதிப்பீட்டுப் படிவம்) தகவலை ஐக்யூஸ் என்ற சி.எம்.எஸ். கணினி அமைப்புக்குச் சோதனையாக அனுப்பி ஏற்புச் செய்தி வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். சர்வேயர் கேட்பார். 2025 ஜூலை 1 முதல் பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஒயாசிஸ் கட்டாயம். ஆகவே 'இவர் மெடிகேர் இல்லையே' என்று பழைய பழக்கத்தில் விடாதீர்கள்.

#7 கரிசல்காடு

மிக்க நன்றி. சர்வேயில் பொதுவாக எதில் குறை எழுதுகிறார்கள்? கோப்பு தயாரிக்கும்போதே கவனிக்க வேண்டியது என்ன?

#8 நாலடியார்

மீண்டும் மீண்டும் வருபவை நான்கைந்துதான்.

பராமரிப்புத் திட்டம் எல்லா நோயாளிக்கும் ஒரே அச்சாக இருப்பது. ஜி574 என்ற விதிக் குறியில் எழுதுவார்கள். மருந்துகளின் பெயர், அளவு, கொடுக்கும் வழி, விசிட் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை காலத்துக்கு என்பது, நோயாளியின் சொந்த இலக்கு ஆகியவை அந்த ஆளுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

மருந்துச் சரிபார்ப்பு, ஜி536. டாக்டர் பட்டியலை நகலெடுத்து ஒட்டினால் போதாது. வீட்டில் மேசை மேலும் ஃப்ரிட்ஜிலும் இருக்கும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆயுர்வேத, சித்த மருந்து எல்லாம் சேரும். நம் மக்கள் வீடுகளில் இது அதிகம், அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். கேட்டு எழுதுங்கள். சர்வேயர் வீட்டுக்கு வரும்போது பட்டியலில் இல்லாத ஒரு பாட்டில் கண்ணில் பட்டால் குறைதான்.

எய்ட் மேற்பார்வை, ஜி808. திறன்சார் சேவை பெறும் நோயாளிக்கு 14 நாளுக்கு ஒருமுறை. 15-ஆம் நாள் போனாலும் குறை. 14 நாள் என்று காலண்டரில் போடாமல் 12 என்று போட்டுக்கொள்ளுங்கள், விடுமுறையோ பனியோ வந்தாலும் இடம் இருக்கும்.

தொற்றுத் தடுப்பு, ஜி682. நர்ஸ் பையைத் தரையிலோ சோபாவிலோ விரிப்பில்லாமல் வைப்பது, கையுறை மாற்றும் இடைவெளியில் கை சுத்தம் செய்யாதது, ஸ்டெதஸ்கோப்பைத் துடைக்காமல் பையில் போடுவது. சர்வேயர் கூடவே வந்து நின்று பார்ப்பார். அந்த நேரத்துப் பதற்றத்தில் தெரிந்தவர்களே தவறுவார்கள். முன்கூட்டி இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள்.

கால அளவுகள். சேர்க்கைப் பரிந்துரை வந்த, அல்லது நோயாளி வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் முதல் விசிட், இல்லாவிட்டால் டாக்டர் குறித்த நாளில். முழு மதிப்பீடு தொடக்க நாளிலிருந்து 5 நாளுக்குள். மறுசான்று மதிப்பீடு 60 நாள் காலத்தின் கடைசி 5 நாளில், அதாவது 56 முதல் 60 வரை. 55-இல் செய்தாலும் தவறு, 61-இல் செய்தாலும் தவறு.

ஊழியர் கோப்பில் லைசென்ஸின் ஜெராக்ஸை மட்டும் வைத்தால் போதாது. நர்சிஸ் என்ற லைசென்ஸ் சரிபார்ப்புத் தளத்திலோ மாநில போர்டு தளத்திலோ பார்த்த பக்கத்தைத் தேதியுடன் அச்செடுத்து வைக்க வேண்டும், அந்தத் தேதி வேலையில் சேர்ந்த நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஓ.ஐ.ஜி. விலக்குப் பட்டியல் (மெடிகேர், மெடிகெய்ட்டிலிருந்து விலக்கப்பட்டவர்கள்) சோதனை மாதாமாதம். டெக்சஸில் எம்ப்ளாயி மிஸ்கண்டக்ட் ரெஜிஸ்ட்ரியும் நர்ஸ் எய்ட் ரெஜிஸ்ட்ரியும் உண்டு. காசநோய்ச் சோதனை, ஹெபடைடிஸ் பி ஊசி போட்டதற்கோ மறுத்ததற்கோ கையெழுத்து, சி.பி.ஆர்., செயல்திறன் சோதனை. ஐ-9 (வேலை அனுமதிச் சரிபார்ப்பு) படிவத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள், பணியாளர் கோப்போடு சேர்க்க வேண்டாம்.

குறை இரண்டு தரம். சாதாரணத் தரத்தில் எழுதினால் 10 நாளுக்குள் திருத்தத் திட்டம் கொடுத்து மேலே போகலாம். 'கண்டிஷன்' தரத்தில் எழுதினால் மெடிகேர் சான்று கிடையாது, திருத்தி மீண்டும் சர்வே, மீண்டும் கட்டணம்.

நர்ஸ் தன் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பதாக இருந்தால் கிளியா வேவர் (எளிய ஆய்வகச் சோதனை அனுமதி) சான்று வாங்கியிருக்க வேண்டும், படிவம் சி.எம்.எஸ்.-116. நோயாளி தன் கருவியில் தானே பார்க்க நர்ஸ் உதவினால் மட்டும் தேவையில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் கோப்பில் இது இருப்பதில்லை.

#9 நெய்தல்

இந்த இழையைப் படிக்கும் தனி நர்ஸ்களுக்காக. ஏஜென்சி வைக்காமல், ஆர்.என். ஆகத் தனியாக மெடிகேரில் பதிந்து ஹோம் ஹெல்த் பில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. மெடிகேர் ஹோம் ஹெல்த் பணத்தை ஏஜென்சிக்குத்தான் கொடுக்கும்.

தனி நர்ஸ்களுக்கு வழி சில மாநில மெடிகெய்ட்களில் இருக்கிறது. வென்டிலேட்டர், ட்ரக்கியாஸ்டமி உள்ள குழந்தைகளுக்கு வீட்டில் ஷிஃப்ட் முறையில் பார்க்கும் பிரைவேட் டியூட்டி நர்சிங் அது. நியூயார்க்கில் ஆர்.என்., எல்.பி.என். (ஆர்.என்.னுக்கு அடுத்த நிலை நர்ஸ்) இருவரும் இமெட்என்ஒய் (eMedNY) என்ற மாநில மெடிகெய்ட் தளம் வழியாகத் தனிப் பதிவு செய்யலாம். முன்அனுமதி இல்லாமல் பார்த்த மணி நேரத்துக்குப் பணம் வராது என்பதை மறக்கக்கூடாது. ஒஹாயோவில் 'நான்-ஏஜென்சி நர்ஸ்' என்ற வகை, மாநிலத்தின் பி.என்.எம். தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்.பி.என். என்றால் வழிநடத்தும் ஆர்.என். ஒருவர் வேண்டும். இந்த வழியில் டைப் 1 என்.பி.ஐ. போதும். ஆனால் விசிட் வந்த, போன நேரத்தை மின்னணு முறையில் பதியும் ஈ.வி.வி. விதியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோம் ஹெல்த் சேவைகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் மெடிகெய்ட்டில் கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம்.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் முதல்படியை மறக்க வேண்டாம். என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) தேறி மாநில ஆர்.என். லைசென்ஸ் வந்த பிறகுதான் இந்தப் பேச்சே. அதற்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டிய சரிபார்ப்புத் தாள்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால், இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து வேறு மாதிரி இருந்தால், கவுன்சில் பதிவும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகும் ஆவணத்தைக் கூடவே வையுங்கள். நம் ஊர் இனிஷியல் இங்கே முதல் பெயராகவும் கடைசிப் பெயராகவும் மாறி மாறி ஏறும். அந்தக் குழப்பம் பிறகு என்.பி.ஐ.யிலும் ஓ.ஐ.ஜி. சோதனையிலும் தொடரும்.

#10 வைகைக்கரை

நான் பார்ப்பது பில்லிங், கிரெடென்ஷியலிங் பக்கம். கரிசல்காடு கேட்ட 'முதலில் இன்சூரன்ஸா' என்ற கேள்விக்குப் பதில்: இல்லை. பெரும்பாலான மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்கள் (தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர்) சி.சி.என். எண்ணும் அங்கீகாரக் கடிதமும் இல்லாமல் விண்ணப்பத்தைத் திறக்கக்கூட மாட்டார்கள். மெடிகெய்ட் மேனேஜ்டு கேர் பிளான்களுக்கு முதலில் மாநில மெடிகெய்ட் பதிவு வேணும். டெக்சஸில் அது, மெடிகெய்ட் வேலைகளைக் கையாளும் டி.எம்.எச்.பி.யின் பெம்ஸ் தளம்.

இதில் பெரிய குழப்பம் கேக்யூ (சி.ஏ.க்யூ.எச்.) என்ற கிரெடென்ஷியலிங் தகவல் தளம். அது டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர் மாதிரி தனியாகப் பில் போடுகிறவர்களுக்கானது. ஏஜென்சியில் வேலை செய்யும் ஆர்.என். ஒவ்வொருவருக்கும் அதில் கணக்குத் தொடங்கி 120 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்து கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். தேவையே இல்லை. ஏஜென்சி 'ஆர்கனைசேஷனல் புரொவைடர்' ஆகத்தான் போகும். பிளான் கேட்பது: மாநில லைசென்ஸ், அங்கீகாரச் சான்று அல்லது கடைசி சர்வே அறிக்கை, டபிள்யூ-9 (வரி எண் படிவம்), பொறுப்புக் காப்பீடு, உரிமையாளர் விவரம், சேவை தரும் கவுன்டிகளின் பட்டியல். காப்பீட்டில் பொதுவாக ஒரு நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர், வருடத்துக்கு 30 லட்சம் என்ற அளவு எதிர்பார்ப்பார்கள். சான்றில் பிளானின் பெயரும் முகவரியும் சான்றுதாரர் இடத்தில் இருக்கணுமா என்று கேட்டு வாங்குங்க, அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். மறு கிரெடென்ஷியலிங் மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

கிரெடென்ஷியலிங் முடிந்தது என்ற கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் ஒன்றாக நினைக்காதீங்க. கமிட்டி உங்களை ஏற்றது ஒரு கடிதம். இரு தரப்பும் கையெழுத்திட்டு, பிளானின் கணினியில் உங்கள் வரி எண்ணும் என்.பி.ஐ.யும் ஏறி, 'எஃபெக்டிவ் டேட்' என்று எழுத்தில் வருவது இன்னொன்று. அந்தத் தேதிக்கு முந்தைய விசிட்களுக்குப் பணம் கிடைக்காது. பின்தேதி போட்டுத் தருவதாக ஃபோனில் சொன்னதை நம்பி நோயாளி எடுத்தவர்களுக்கு நஷ்டம்தான்.

'உங்கள் பகுதியில் இடமில்லை' என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீங்க. எந்த கவுன்டி, எந்தச் சேவை, எந்த மொழி பேசும் ஊழியர், வார இறுதியில் சேர்க்கை எடுப்பீர்களா என்று எழுதி மனு போடுங்க. தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் நர்ஸ் இருப்பது சில பகுதிகளில் உண்மையான பலம். இல்லாவிட்டால் ஒரு நோயாளிக்கு மட்டுமான 'சிங்கிள் கேஸ் அக்ரிமென்ட்' கேளுங்க. மணிக்கா, விசிட்டுக்கா, எந்தக் கோடு, எத்தனை விசிட் என்று எழுத்தில் வாங்கிய பிறகே முதல் விசிட்.

#11 சுங்குடி

மெடிகேருக்குக் கட்டின விண்ணப்பக் கட்டணத்தை மெடிகெய்ட்டுக்கும் தனியாகக் கட்டணுமா?

#12 வைகைக்கரை

வேண்டாம். மெடிகேரில் கட்டி ஏற்பும் வாங்கியிருந்தால் மாநிலம் அதையே எடுத்துக்கொள்ளும். கைரேகை, இடப் பார்வையும் மெடிகேர் செய்திருந்தால் மாநிலம் திரும்பச் செய்யத் தேவையில்லை. ரசீதையும் ஏற்புக் கடிதத்தையும் இணைச்சு அனுப்புங்க. மெடிகெய்ட்டைத் தனியாக முதலில் முடித்தால் இந்தச் சலுகை வராது.

#13 கரிசல்காடு

இன்னொரு யோசனையும் வந்தது. ஏற்கெனவே சி.சி.என். உள்ள சின்ன ஏஜென்சி ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். வாங்கிவிட்டால் இந்தக் காத்திருப்பெல்லாம் மிச்சமாகுமா?

#14 பொதிகைத்தென்றல்

அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்க: அது மெடிகேரில் முதன்முதலாகப் பதிந்தது எப்போது, கடைசியாகப் பெரும்பான்மைப் பங்கு கைமாறியது எப்போது? இரண்டில் எதிலிருந்து பார்த்தாலும் 36 மாதத்துக்குள் பெரும்பான்மைப் பங்கு மாறினால், சில விதிவிலக்குகள் தவிர, மெடிகேர் ஒப்பந்தம் உங்களுக்கு வராது. புது ஏஜென்சியாக 855ஏ, சர்வே எல்லாம் முதலிலிருந்து. விற்கும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை, '49 சதவீதம் இப்போது, மீதி அப்புறம்' என்று வழி சொல்வார்கள். பங்கு மாற்றங்களைக் கூட்டித்தான் பார்ப்பார்கள், அது வழி இல்லை.

36 மாதம் தாண்டியிருந்தாலும் பழைய ஒப்பந்தத்தோடு பழைய கடன்களும் சேர்ந்து வரும். முந்தைய உரிமையாளர் காலத்தில் அதிகமாக வாங்கிய பணத்தை மெடிகேர் திரும்பக் கேட்டால் கேட்பது உங்களைத்தான். கடைசி ஆறு மாதம் அவர்கள் பில் போட்டார்களா என்றும் பாருங்க. ஆறு மாதம் கிளைம் இல்லாவிட்டால் பில் உரிமையை முடக்கலாம், 2024-இலிருந்து அந்த விதி. முன்பு 12 மாதம் இருந்தது. 'சும்மா வைத்திருக்கும்' ஏஜென்சி எண்ணில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

#15 சுங்குடி

எச்-4 விசாவில் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கானது) இருப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகலாமா?

#16 நெய்தல்

வேலை அனுமதி அட்டை இருந்தால் ஆகலாம், தகுதியும் இருக்கணும்: டாக்டர், ஆர்.என். அல்லது பட்டதாரி, கூடவே ஹோம் ஹெல்த் அல்லது அதையொட்டிய துறையில் ஒரு வருடமாவது மேற்பார்வை அல்லது நிர்வாக அனுபவம். அட்டை இல்லாமல் பங்கு வைத்திருப்பது வேறு, அன்றாட வேலை பார்ப்பது வேறு. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான். 855ஏ-யில் அவர் பெயரை நிர்வாக ஊழியராக எழுதினால் அதுவே சாட்சி. குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் பெயர் போடாதீங்க. அட்டை புதுப்பிப்பில் இருக்கும் மாதங்களுக்கு மாற்று அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவரைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

#17 வைகைக்கரை

சி.சி.என். கடிதம் வந்த வாரத்தில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தில் இருக்கும் அமலுக்கு வரும் தேதி, கடிதம் வந்த தேதிக்குச் சில வாரம் முன்னால்கூட இருக்கும். அதற்கு முன் சேர்த்த மெடிகேர் நோயாளியை அப்படியே தொடர்ந்து பில் போட முடியாது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ புதிய தொடக்க மதிப்பீடு, புதிய ஒயாசிஸ், புதிய திட்டம் வேணும். டாக்டர் நேர்முகச் சந்திப்பு, தொடக்கத்துக்கு 90 நாள் முன்னாலோ 30 நாள் பின்னாலோ என்ற எல்லைக்குள் விழுகிறதா என்று புதுத் தேதியை வைத்துக் கணக்குப் பாருங்க.

அனுமதி அறிவிப்பு, என்.ஓ.ஏ., தொடக்கத்திலிருந்து 5 நாளுக்குள் போகணும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 30 நாள் தொகையில் முப்பதில் ஒரு பங்கு போகும். புது ஏஜென்சி, கடிதமே அமல் தேதிக்குப் பிறகுதான் வந்தது, அல்லது ஒப்பந்த நிறுவனத்திலிருந்து லாகின் வரவில்லை என்றால் விலக்கு உண்டு. கிளைமில் எச்.ஐ.பி.பி.எஸ். (கட்டண வகை) கோடு வரியில் கே.எக்ஸ். மாடிஃபையர் (விலக்கு கேட்கும் குறி) போட்டு, குறிப்புப் பகுதியில் காரணமும் தேதிகளும் எழுதணும். இதைத் தெரியாமல் அபராதத்தை ஏற்றுக்கொண்டவர்கள் நிறைய. மின்னணுப் பில் இணைப்புக்கான விண்ணப்பத்தைக் கடிதம் வந்த அன்றே போடுங்க.

டெக்சஸில் இன்னொன்று: ரெவ்யூ சாய்ஸ் டெமான்ஸ்ட்ரேஷன், அதாவது கிளைம்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் சி.எம்.எஸ். திட்டம். இல்லினாய், ஒஹாயோ, டெக்சஸ், நார்த் கரோலினா, ஃப்ளோரிடா, ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களில் இருக்கு. இறுதிக் கிளைமுக்கு முன்பே ஆவணங்களை அனுப்பி ஒப்புதல் எண் வாங்கும் முறையைத் தேர்ந்தெடுங்க. ஆரம்பத்தில் வேலை அதிகம், ஆனால் எந்த ஆவணம் போதவில்லை என்பது பணம் போகும் முன்பே தெரியும். புது ஏஜென்சிகளுக்கு 30 நாள் முதல் ஒரு வருடம் வரை கூடுதல் கண்காணிப்பும் இருக்கும் என்பதால் முதல் ஆறு மாதக் கோப்புகள் ஒவ்வொன்றும் யாரோ படிக்கப்போகும் கோப்பு என்றே வையுங்க.

#18 பொதிகைத்தென்றல்

வைகைக்கரை சொன்னதோடு ஒன்று. எண் வந்த பிறகு அலுவலகம் மாறினால், உரிமை அல்லது கட்டுப்பாடு மாறினால், எவர் மேலாவது நடவடிக்கை வந்தால் 30 நாளுக்குள் 855ஏ-யில் தெரிவிக்கணும். மற்றவை 90 நாள். பெயர்ப் பலகை இல்லாமல், அறிவித்த நேரத்தில் கதவு பூட்டியிருந்ததால் இடப் பார்வையில் தோற்று உரிமை ரத்தான ஏஜென்சிகள் உண்டு. எல்லோரும் விசிட்டுக்குப் போய்விடும் நாளில்கூட அலுவலகத்தில் ஒருவர் இருக்கணும். பெக்காஸ் கடவுச்சொல்லைக் கன்சல்டன்ட்டிடம் கொடுக்காதீங்க, அவரை ஐ அண்ட் ஏ (சி.எம்.எஸ். பயனர் கணக்கு) தளத்தில் 'சரோகேட்' (உங்கள் சார்பாளர்) ஆகச் சேர்த்தால் அவர் பெயரிலேயே நுழைந்து வேலை பார்க்கலாம், வேண்டாதபோது நீக்கவும் முடியும்.

விண்ணப்பம் போடும் முன் புதுப் பதிவுகளுக்கு அப்போது தடை ஏதும் அமலில் இருக்கிறதா என்று சி.எம்.எஸ். தளத்தில் பாருங்க. 2016-இலிருந்து 2019 ஜனவரி 30 வரை டெக்சஸ் முழுவதும் புது ஹோம் ஹெல்த் பதிவே நிறுத்தி வைத்திருந்தாங்க. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய பக்கம் அது.

#19 கரிசல்காடு

எல்லோருக்கும் நன்றி. சி.பி. 575 கடிதத்தில் 'ஹோம்ஹெல்த்' ஒட்டி இருக்கிறது, டூலிப்பில் பிரித்துத் தட்டச்சு செய்திருக்கிறோம். இன்னும் சமர்ப்பிக்கவில்லை. இதை இன்றே திருத்திவிட்டு, வங்கியில் இரண்டாவது கணக்கு தொடங்குகிறோம். அங்கீகார அமைப்பு மூன்றிடமும் கட்டண விவரம் வாங்கியதும் இங்கேயே கேள்வியோடு வருகிறோம்.